எக்ஸுலோ என்று சொன்னவனுக்கு

இன்று காலை கவரைப்பேட்டையில் ரயில் கொஞ்ச நேரம் நின்றது. எங்கிருந்தோ நெல் அவிக்கும் வாசனை வந்தது. நாம் வேலை பார்த்த மில் இருந்த இடத்தில் இப்போது தகரக் கொட்டகைகள்தான். ஆனாலும் அந்த வாசனை என்னை நேராக உன்னிடம் கொண்டுபோய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அறுபதுகளின் நடுவில் நாம் இருவரும் அங்கே மூட்டைகளுக்கு எடை பார்த்தோம். நான் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து துரத்தப்பட்டவன். ஏரியில் வலை போட எங்கள் ஊரில் குடும்பத்துக்கு ஒரு முறை உண்டு. அதைப் பாடு என்போம். அப்பா காய்ச்சலில் படுத்ததால் எங்கள் முறை தவறிப்போனது. அந்த ஆத்திரத்தில் மறுநாள் வேறொரு வீட்டாரின் பாட்டில் நான் வலையை இறக்கினேன். ஊர்க்கூட்டம் என்னை ஒதுக்கி வைத்தது. அம்மாகூட என்னிடம் பேசக்கூடாது என்று கட்டளை.

நீயோ பாதிரியாருக்குப் படிக்கப் போய்ப் பாதியில் எழுந்து வந்தவன். "அங்கி இல்லாம இந்த வாசப்படிய மிதிக்காதே" என்று உன் அப்பா சொல்லிவிட்டாராம். அந்தப் படிப்பில் உனக்கு மிஞ்சியது லத்தீன் மட்டும். காலையில் "எப்டி கீறே?" என்று கேட்டால் "எக்ஸுலோ" என்பாய்.

"இன்னா லோ? பேஜாரு பண்ணாம தமிழ்ல சொல்லு" என்பேன்.

ஒருநாள் டீக்கடையில் பொறுமையாக விளக்கினாய். "துரத்துறதுக்கு வேற சொல்லு இருக்கு. இது துரத்தினதுக்கு அப்புறம் வாழுறது. சாப்பிடுறது, தூங்குறது, மூட்டை நிறுக்குறது, எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே சொல்லு. வெளியூருக்கு வேலைக்குப் போனவன் இதைச் சொல்லக்கூடாது. வீட்டுக்குத் திரும்ப முடியாதவன்தான் சொல்லலாம்."

"அப்போ நானும் எக்ஸுலோதான்" என்றேன். அன்றிலிருந்து நாம் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டோம். துக்கத்தைக் கேலியாக மாற்றும் வித்தை உனக்குக் கைவந்திருந்தது.

ஒன்றரை வருடம் கழித்து ஊர் மனம் இறங்கியது. தனியாகப் போகப் பயந்து உன்னையும் கூட்டிப் போனேன். கூட்டத்தில் விழுந்து கும்பிட்டேன், சேர்த்துக்கொண்டார்கள். அன்றைய மீனை வீட்டுக்கு ஒரு கூறாக மணலில் பிரித்துக்கொண்டிருந்தபோது ஊர்ப் பெரியவர் உன்னைப் பார்த்தார்.

"இவரு யாருப்பா? உன் ஊட்டு ஆளுன்னா சொல்லு, இவருக்கும் ஒரு கூறு வெச்சிடலாம்."

"இல்ல நைனா. கூட வேல செஞ்சிக்கினு இருந்தவரு, அவ்ளோதான்" என்றேன்.

அப்போதுதான் என்னை உள்ளே விட்டிருக்கிறார்கள். வெளியூர்க்காரனை என் ஆள் என்று சொல்லி மறுபடி வம்பில் மாட்டிக்கொள்வானேன் என்ற பயம். நீ மணலைப் பார்த்துக்கொண்டு நின்றாய். பஸ் ஏறும்போது, "இனிமே நீ அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாதுடா. உனக்குத் தகுதி போயிடுச்சு" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

பிறகு நான் வலையோடு இருந்துவிட்டேன். எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் வந்த பட்டறை ஒன்றில் நீ வேலைக்குச் சேர்ந்தாய். வருகிறேன், வருகிறேன் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியே வருடங்களைக் கடத்தினேன். ஒருநாள் உன் பட்டறை ஆள் ஒருவர் குப்பத்துக்கு வந்து, நீ ஆஸ்பத்திரியில் கிடப்பதாகச் சொன்னார். போட்டது போட்டபடி ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் நீ போய்விட்டிருந்தாய்.

நர்ஸம்மா கையில் இருந்த காகிதத்தைப் பார்த்து என் பெயரைப் படித்தார். "அவரு தம்பி நீங்கதானே? சேர்க்கும்போதே கேட்டோம், சொந்தக்காரங்க யாருன்னு. ஒரே தம்பி, ஏரிக்கரையில இருக்கான்னு சொல்லி உங்க பேரத்தான் எழுதச் சொன்னாரு."

"ஆமாம்மா, தம்பிதான்" என்றேன்.

கையெழுத்துப் போட்டேன். உன்னை அடக்கம் செய்யும்போது உறவுக்காரன் நிற்கும் இடத்தில் நான்தான் நின்றேன். ஊரே கேட்க அன்று கரையில் சொல்லியிருக்க வேண்டியதை, முன்பின் தெரியாத நர்ஸம்மாவிடம் சொன்னேன். உன் காது கேட்க ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே, அண்ணா.