அப்பாவின் மூக்குக் கண்ணாடி

ஸ்கார்விக்,
14 மே 1957

என் அன்பான அப்பாவுக்கு, சுன்வா எழுதுவது.

நீங்கள் கப்பலேறிய காலையில் ஜன்னல் விளிம்பில் உங்கள் மூக்குக் கண்ணாடி இருந்தது. பாட்டுப் புத்தகத்துக்கு மட்டும்தான் அதைப் போடுவீர்கள். மறந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். கண்ணாடிக் கூட்டைத் திறந்தால், துடைத்துத் துணியில் சுற்றி வைத்திருக்கிறீர்கள். மறந்து போகிறவர் அப்படிச் சுற்றி வைப்பாரா?

நாங்கள் சுகம். பசு கன்று போட்டிருக்கிறது. கரையில் மீன் கழுவப் போகிறேன். உப்பில் விரலெல்லாம் வெடிப்பு. பள்ளிக்கூடத்தை விட்டதில் வருத்தமில்லை. அங்கே எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை போதகர் நம் ஊருக்கு வரும் முறையல்ல. யாக்குப் மாமாதான் பிரசங்கத்தை வாசித்தார். முடித்ததும் ஞானப்பாட்டின் எண்ணைச் சொல்லிவிட்டு, பழக்கத்தில் உங்கள் இடத்தைப் பார்த்தார். உங்களைப்போல் முதல் அடியை எடுத்துக் கொடுக்க ஒருவரும் இல்லை. கடல் சத்தம்தான் கேட்டது. கோயில் வாசலில் மாமா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கப்பன் மீன் பிடிக்கப் போனா நாங்க ஊமையா உட்காரணுமா? இப்படியே போனா செப்டம்பரோட கோயிலைப் பூட்டிட்டு, போதகர் வர்ற அன்னைக்கு மட்டும் திறக்க வேண்டியதுதான்."

நான் குனிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அண்ணன் ஹோக்னி கடலோடு போன நாள் இந்த வருஷம் செப்டம்பரில் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அவனுக்குக் கல்லறைதான் இல்லை, ஒரு பாட்டாவது வேண்டும் என்கிறாள் அம்மா. கண்ணாடியை அனுப்பட்டுமா?

உங்கள் மகள்,
சுன்வா

கிரீன்லாந்து,
20 ஜூன்

சுன்வாவுக்கு,

மீன் நன்றாகக் கிடைக்கிறது. காலுறைகள் வந்தன என்று அம்மாவிடம் சொல்.

கண்ணாடி வேண்டாம். ஹோக்னியின் படகு திரும்பாத அந்த வாரம் முழுவதும் நான் கடவுளிடம் கேட்டது ஒன்றே ஒன்று. கிடைக்கவில்லை. இனி அந்தக் கோயிலில் என் குரல் இல்லை. என் வீட்டிலிருந்து வேறு குரலும் போகக் கூடாது. நீ அங்கே போகாதே. மீறினால் நான் திரும்பி வந்தும் உன்னோடு பேசமாட்டேன்.

கன்றை ஓடைப் பக்கம் விடாதே. மழைக்குப் பிறகு அங்கே தண்ணீர் இழுக்கும்.

அப்பா

ஸ்கார்விக்,
6 ஆகஸ்ட்

என் அன்பான அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே நான் கோயிலில் பாடிவிட்டேன்.

ஒரு ஞாயிறு யாக்குப் மாமா எண்ணைச் சொன்னதும், பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். மிக உயரத்தில் ஆரம்பித்துவிட்டேன். இரண்டாம் அடியில் பாட்டு இன்னும் ஏறியது. பெரியவர்கள் ஒவ்வொருவராகப் பாடுவதை நிறுத்தினார்கள். மூன்றாம் அடியில் நான் மட்டும் இருந்தேன். பிறகு நானும் இல்லை.

மறுநாள் கரையில் மீன் கழுவும் பெண்களிடம் ஒரே சிரிப்பு.

"என்னடி, கோயில் கூரை மேல ஏறி நின்னா ஆரம்பிச்சே? எங்களுக்கும் ஒரு ஏணி போட்டிருக்கலாமே!"

"விடுங்கடி. அவளுக்குக் குரல் இருக்குன்னே நேத்துதான் தெரிஞ்சுது."

மீனைப் பார்த்துக்கொண்டே கழுவினேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அம்மா அதை மடித்து உறைக்குள் வைத்தாள். பிறகு, "போன்னும் சொல்ல மாட்டேன், போகாதேன்னும் சொல்ல மாட்டேன். ஆனா உங்கப்பா சும்மா மிரட்டுற ஆள் இல்ல, தெரிஞ்சுக்கோ," என்றாள்.

தெரியும் அப்பா. அந்த வாரம் நீங்கள் கேட்டதையே நானும் கேட்டேன். எனக்கும் கிடைக்கவில்லை. எனக்கும் கடவுள்மேல் கோபம் உண்டு. ஆனால் நீங்கள் பேசாவிட்டாலும் நான் உங்களுக்கு எழுதாமல் இருக்க மாட்டேன். அவரிடமும் எனக்கு அப்படித்தான்.

அண்ணன் நாளுக்குள் ஒரு வரி எழுதுங்கள். சரி என்று வேண்டாம். திட்டியாவது எழுதுங்கள்.

சுன்வா

ஸ்கார்விக்,
16 செப்டம்பர்

என் அன்பான அப்பாவுக்கு,

தபால் படகு வந்த நாளெல்லாம் இறங்குதுறைக்குப் போனேன். உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை.

கன்று வளர்ந்துவிட்டது. ஓடைப் பக்கம் விடுவதில்லை.

நேற்று அண்ணன் நாள். காலையில் கோயிலுக்குப் போனேன். உங்கள் இடத்தில் உட்காரவில்லை, அது காலியாகவே இருக்கிறது. என் பெஞ்சில்தான் இருந்தேன். நான் கதவைச் சாத்தும்போது அம்மா வீட்டில்தான் இருந்தாள். பிரசங்கம் பாதியில் இருக்கும்போது வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

யாக்குப் மாமா எண்ணைச் சொன்னார். உங்கள் இடத்தைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பால் கறக்கும்போது பசுவிடம் பேசுவேனே, அந்தக் குரலில் ஆரம்பித்தேன். முதல் அடி முடிவதற்குள் அம்மா சேர்ந்துகொண்டாள். பிறகு எல்லோரும். கடைசி அடி வரை ஒருவரும் நிறுத்தவில்லை.

நீங்கள் வந்து என்னோடு பேசமாட்டீர்கள். அது தெரிந்துதான் பாடினேன்.

வீட்டுக்கு வந்து, உங்கள் கண்ணாடியை எடுத்துத் துடைத்து, பழையபடி துணியில் சுற்றி, ஜன்னல் விளிம்பிலேயே வைத்தேன்.

உங்கள் மகள்,
சுன்வா