டிஸ்க் எண் இரண்டு

ஜூலை 8, திங்கள்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். என் அம்மாவிடம்கூட. எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

தமிழில் எழுதக் காரணம் உண்டு. என் அண்ணனுக்கு மலையாளம்தான் படிக்கத் தெரியும். அம்மா எழுத்து சொல்லிக் கொடுத்தபோது நான் உட்கார்ந்தேன், அவன் உட்காரவில்லை. அண்ணன் என்று எழுதுவது இதுவே கடைசி. இனி 'அவன்'.

காலையிலிருந்து மழை. சந்தில் கணுக்கால் வரை தண்ணீர். ஷூ நாறுகிறது. கணக்கு டெஸ்டில் ஐம்பதுக்குப் பதினெட்டு.

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். நாளை யாராவது அப்படி நடக்கவே இல்லை என்று சொன்னால் எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

அப்பாவுக்கு நகராட்சியில் துப்புரவு வேலை. வேலையில் இருக்கும்போதே போய்விட்டார். அந்த வேலை வீட்டில் ஒருவருக்குக் கிடைக்கும். அம்மாவுக்கு என்றுதான் பேச்சு. அவனுக்கு வேண்டுமாம். ஜூ டவுனில், அந்த யூதர் தெருவில், பழைய சாமான் கடையில் வெள்ளைக்காரர்களுக்குப் பார்சல் கட்டுவது கௌரவக் குறைச்சலாம். அம்மா எழுதிக் கொடுத்தால் வேலை அவனுக்குப் போகும்.

போன வியாழன், சமையலறை. அம்மாவின் இடது கையைப் பிடித்து எரியும் அடுப்புக்கு மேலே கொண்டுபோனான். வலது கையில் பேனா. கத்தவில்லை. கொஞ்சுகிற மாதிரிச் சொன்னான். "ஒப்பு போடும்மா. ஒரே ஒரு ஒப்புதானே." அம்மா கையெழுத்துப் போட்டாள். நான் திரைக்குப் பின்னால், அம்மாவின் போனோடு. இரண்டு நிமிடம் பதினோரு விநாடி வீடியோ.

வெள்ளியன்றே பேப்பரை நகராட்சி ஆபீசில் கொடுத்துவிட்டான். வருகிற வெள்ளி காலை பதினொரு மணிக்கு அம்மாவை அங்கே கூப்பிட்டிருக்கிறார்கள், மனசார போட்ட கையெழுத்தா என்று கேட்க.

சனிக்கிழமை அம்மா எர்ணாகுளத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தாள். போனை நம்பாதே, வீடியோவை டிஸ்க்கில் போட்டு இரண்டு காப்பி கொண்டுவா என்றார் அந்த வக்கீல். கடையில் அழித்து அழித்து எழுதுகிற டிஸ்க் மட்டும்தான் இருந்தது. நல்லதுதானே என்று வாங்கினேன். மடச்சி.

போனிலிருந்து நேரே டிஸ்க்குக்கு. கம்ப்யூட்டரில் அவனும் உட்காருவான், அதனால் அதில் வைக்கவில்லை. பென் டிரைவ் மாதிரி வேண்டுமா, டிவிடி பிளேயர் மாதிரி வேண்டுமா என்று கேட்டது. பென் டிரைவ். எனக்குத் தெரிந்தது அதுதான். முதல் டிஸ்க் சரி. இரண்டாவது எழுதி முடிந்து, மற்ற கம்ப்யூட்டர்களில் திறப்பதற்குத் தயார் செய்கிறேன், பொறு என்று திரையில் வந்தது. அப்போது சந்துமுனையில் அவன் பைக். பொறுக்கவில்லை. ஸ்விட்சை அணைத்து, போட்டு, டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டேன். சூடாக இருந்தது.

ஞாயிறு போனில் வீடியோவைப் பார்த்துவிட்டான். போன் இப்போது காயல் தண்ணீருக்கு அடியில். எனக்கு ஒரு அறை. இடது காதில் இன்னும் ரீங்காரம்.

டிஸ்க் இருப்பது அவனுக்குத் தெரியாது. இரண்டும் சமூக அறிவியல் புத்தகத்தின் பிரவுன் அட்டைக்குள்.

ஜூலை 9, செவ்வாய்

வயிற்றுவலி என்று மத்தியானம் லீவு. அம்மாவும் நானும் போட்டில் எர்ணாகுளம். வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்தார். குமஸ்தா மட்டும். சாயா குடித்துக்கொண்டே முதல் டிஸ்க்கை வாங்கி உள்ளே தள்ளினார். நான் அம்மாவின் வெந்த கையில் இருந்த கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்துக்குள் முடிந்துவிட்டது. திரையில் பச்சைக் கோடு ஓடியது. பிறகு காலி.

என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஃபார்மேட் செய்யணுமா என்று அது கேட்டதாம்.

"அது கேட்டு, நான் யெஸ் கொடுத்து. இதிலென்ன மோளே?"

தினமும் நூறு தடவை யெஸ் கொடுக்கிற கை. அந்தக் கையை அடுப்புக்கு மேலே

இல்லை. அப்படி எழுதக் கூடாது. அவன் மாதிரி ஆகிவிடுவேன்.

இன்னொரு காப்பி இருக்குமே, வெள்ளிக்கிழமை நேரே ஆபீசுக்குக் கொண்டுவாருங்கள் என்றார். 

ஜூலை 10, புதன்

அவன் கடைக்குப் போனதும் இரண்டாவது டிஸ்க்கைப் போட்டேன். அதே கேள்வி. டிஸ்க்கை உபயோகிக்க ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யவா? குமஸ்தாவின் நாற்காலியில் நான்.

செய்து பார்த்தவை:
நோ. நோ. நோ.
எடுத்துத் துடைத்துப் போட்டேன். அதே கேள்வி.
கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். இப்போது காலி டிஸ்க் என்கிறது. பூஜ்யம்.
அடிப்பக்கம் பார்த்தேன். எழுதிய இடம் தனி நிறமாக, வளையமாகத் தெரிகிறது. இருக்கிறது. அதற்குள் இருக்கிறது. இந்த எருமைக் கம்ப்யூட்டருக்குத்தான் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு லிசி சேச்சி வாசலில் அம்மாவிடம்: "ஆம்பளப் புள்ளைக்குக் கிடைச்சா குடும்பத்துக்கே நல்லதுதானே, வள்ளி. நீ எதுக்கு இந்த வயசுல தொடப்பத்தைத் தூக்கற?" அம்மாவின் கைக்கட்டு அவள் கண்ணில் படவில்லை. கறிவேப்பிலை கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

ராத்திரி அவன் மீன் முள்ளாக இருக்கிறது என்று தட்டைத் தள்ளினான். அம்மா வேறு மீன் பொரித்தாள். ஒற்றைக் கையால்.

ஜூலை 11, வியாழன்

எழுத நிறைய. வேகமாக.

லேப் பீரியடில் ஐ.டி. டீச்சரிடம் டிஸ்க்கைக் கொடுத்தேன். கல்யாண வீடியோ என்று பொய். பள்ளிக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் இல்லை, வேறு. டிரைவ் உள்ளே முனகிக்கொண்டே இருந்தது.  பிறகு ஒரு கேள்வியும் கேட்காமல் வீடியோவின் பெயரைக் காட்டியது.

கடைசி வேலை முடியும்முன் பிடுங்கினால் டிஸ்க் மூடப்படாமல் நிற்குமாம். சில கம்ப்யூட்டர் அதைப் புது டிஸ்க் என்று நினைத்து ஃபார்மேட் கேட்கும், பென் டிரைவ் மாதிரி எழுதியதென்றால் பழைய கம்ப்யூட்டர் சரியாக மூடிய டிஸ்க்குக்கும் அப்படிக் கேட்கும், கேட்பதற்கெல்லாம் சம்மதிக்கக் கூடாது என்றார் டீச்சர். சொல்லிக்கொண்டே வீடியோவைத் தட்டினார், சரியாக இருக்கிறதா என்று பார்க்க.

ஸ்பீக்கர் போட்டிருந்தது. லேப் முழுக்க அம்மாவின் அலறல்.

டீச்சர் வயரைப் பிடுங்கினார். முப்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பேய்ப்படம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

பிள்ளைகள் போன பிறகு ஒன்றும் கேட்காமல் ஒரு புது டிஸ்க்கில் எழுதித் தந்தார். ஒரே தடவை எழுதுகிற டிஸ்க், யார் யெஸ் கொடுத்தாலும் அழியாது. மூன்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். திறந்தது. தானும் நாளை ஆபீசுக்கு வரட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். லேபில் இருந்த காப்பியை அழிக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அழித்தார். ஏன் கெஞ்சினேன் என்று தெரியவில்லை. பயம்தான்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன், கிடைத்துவிட்டது என்று. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"அழிச்சிருடி," என்றாள்.

புரியவில்லை.

"போலீஸ் பிடிச்சா அவனை ஜெயில்ல போடுவாங்க. எனக்கு வேலை வேண்டாம். என் கண்ணு முன்னாடி அழி."

அந்தக் கட்டுப் போட்ட கையால் என் முகத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். மருந்து வாடை. எனக்கு அம்மாவின் மேல் வந்த ஆத்திரம் அவன் மேல்கூட வந்ததில்லை.

சரி என்றேன். குமஸ்தா ஏற்கெனவே காலியாக்கிய முதல் டிஸ்க்கைப் போட்டேன். அம்மாவுக்கு எல்லா டிஸ்க்கும் ஒன்றுதான். சீக்கிரம் முடிகிற ஃபார்மேட் வேண்டாம் என்று முழு ஃபார்மேட் கொடுத்தேன், நிஜமாக அழிகிறது என்று அவள் நம்பட்டும் என்று. யெஸ்ஸை அம்மாவே தட்டினாள். பச்சைக் கோடு எறும்பு மாதிரி ஊர்ந்தது. அம்மா அதையே பார்த்து அழுதாள். எனக்குக் கண்ணீர் வரவில்லை.

பாதிகூட ஆகவில்லை, அவன் வந்துவிட்டான். பட்டனை அழுத்தினேன். ஃபார்மேட் நடக்கும்போது டிரைவ் திறக்காதாம். திரையை மட்டும் அணைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்து படிக்கிறேன் என்று தாழ்ப்பாள் போட்டேன்.

நாளை நானும் போவேன். யூனிஃபார்மிலேயே. மனசார போட்ட கையெழுத்து என்று அம்மா சொன்னால் டிஸ்க்கை எடுத்து மேஜைமேல் வைப்பேன். அம்மா என்னோடு அப்புறம் பேசாவிட்டாலும்

திரையைப் போட்டுவிட்டான். அந்த ட்ரிங் சத்தம்.

டிரைவைத் தட்டுகிறான். வரவில்லை. வராது.

கதவில் இரண்டு தட்டு. "டீ, இதுக்குள்ள என்னத்த வெச்சிருக்க? தொற."

காலி டிஸ்க்தான். சொன்னால் நம்பமாட்டான், மற்றதைத் தேடுவான். புது டிஸ்க் என் இடுப்பில். இரண்டாவது அரிசி டப்பாவில்.

மறுபடி தட்டு. அம்மா எழுந்துவிட்டாள். ஏதோ சொல்கிறாள்.

"அவ இல்ல. நான்தான்டா வெச்சேன்."

அம்மா தட்டுத்தடுமாறாமல் சொல்கிறாள். "என் கையை நீ பிடிச்சதுதான் அதுல இருக்கு. நாளைக்குக் காட்டப் போறேன்."

 எதுவோ விழுந்தது. நான் கதவைத் திறக்க