டிரெஸர் சம்சாரம் சைக்கிள் ஓட்டினது

1979 ஜூலை 2, திங்கள்

விடியலிலிருந்து மழை. ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லாத நாளில்தான் நான் டிரெஸராக மருந்து கட்டும் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கூட்டம். காய்ச்சல் கொஞ்சம், வயிற்றுவலி கொஞ்சம். மீதியெல்லாம் முழங்கால்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து மெயின் ரோடு வரைக்கும் ஒரே இறக்கம். சைக்கிளில் ஏறி உட்கார்ந்தால் போதும், அது பாட்டுக்குப் போகும். நிறுத்தத்தான் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

இன்றைக்கு மாரியப்பன். முன் பாரில் சம்சாரம், பின்னால் பையன், ஹேண்டிலில் மரவள்ளி மூட்டை. குடும்பத்தோடு கால்வாயில் இறங்கிவிட்டான். பையனுக்கு மண்டையில் தையல். சம்சாரத்துக்கு முழங்கை. மரவள்ளிக்கு ஒன்றுமில்லை.

"பிரேக் என்னாச்சுய்யா?"

"அது போன தீவாளிக்கே போயிருச்சுங்க டிரெஸரய்யா. அதான் காலு இருக்கே."

காலில் செருப்பும் இல்லை.

மெயின் ரோட்டில் சைக்கிளோடு கல் லாரி இடித்த லயத்துப் பெண்பிள்ளை இன்னும் ஈப்போ பெரியாஸ்பத்திரியில். காலில் மாவுக்கட்டு. இனிமேல் பஞ்சும் அயோடினும் மட்டும் போதாது. ஏதாவது செய்தாகணும்.

சாயங்காலம் சம்சாரம் கமலத்திடம் சொன்னேன், சைக்கிள் பாதுகாப்பு நாள் ஒன்று நடத்தப்போகிறேன் என்று. நல்லது என்றாள். கொஞ்சம் கழித்து, "அப்ப நானும் ஓட்டக் கத்துக்கட்டுமா?"

"நீ எதுக்கு? ஆபீஸ் ஸ்டாஃப் வீட்டுப் பொம்பளைங்க யாரு ஓட்டறாங்க?"

"பால்வெட்டுற பொம்பளைங்க எல்லாம் ஓட்டறாங்களே."

"அவங்க முட்டியத்தான் தினம் கட்டிக்கிட்டு இருக்கேன். உன் முட்டியும் வேணாம்."

பேச்சு முடிந்தது.

ஜூலை 4, புதன்

நல்ல வெயில். தலைமை குமாஸ்தா பெரிய கிராணியைப் பார்க்க ஆபீசுக்கு. (இனி பெ.கி. முழுசாக எழுதக் கை வலிக்கிறது.) தோட்ட மானேஜர் தொரையிடம் அனுமதி வாங்கித் தரக் கேட்டேன்.

"தலைவர் யாரு?"

"நீங்கதாங்க."

"அப்ப அனுமதி கெடைச்ச மாதிரிலா."

15ம் தேதி, ஞாயிறு, பந்து விளையாடும் திடல். போலீஸ் சார்ஜன் பேசுவார், மலாயில். பெ.கி. மொழிபெயர்ப்பார். பிறகு பெ.கி. சைக்கிளில் வந்து ரிப்பன் அறுத்துத் திறந்துவைப்பார். அதன்பின் பரீட்சை. நேராக ஓட்டணும், சொன்ன இடத்தில் நிறுத்தணும், கை காட்டித் திரும்பணும். பாசானவர்களுக்குச் சட்டையில் குத்த சிவப்புப் பட்டை. பரீட்சை அதிகாரி நான்.

"மெதுவா ஓட்டற போட்டியும் வைங்க. இல்லாட்டி சனம் வராது" என்றார் பெ.கி. அது நிஜம்.

ஜூலை 7, சனி

சைக்கிள் சோதனை. திடலில் வரிசையாக நிறுத்தச் சொன்னேன். பாதி சைக்கிளுக்கு ஸ்டாண்டு இல்லை, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, கடைசியில் எல்லாம் சேர்ந்து விழுந்தன.

பார்த்தவை: மணி இல்லாதது நிறைய ("மணி எதுக்குங்க, வாயி இருக்கே"). லைட்டுக்குப் பதில் பால் டின்னுக்குள் மெழுகுவத்தி. மாரியப்பன் சைக்கிளில் சீட்டே இல்லை, கோணிச்சாக்கு. பிரேக், மணி, லைட் மூன்றும் ஒழுங்காக இருந்தது ஒரே ஆளுக்கு. அஞ்சலை. தினமும் இரண்டு பக்கமும் பால் வாளி மாட்டிக்கொண்டு மேட்டுக்காடு வரை போகிறவள்.

"வாளி கொட்டுனா வேலை வாங்கற மண்டோர் திட்டுவாருங்க. அதுக்குத்தான் பிரேக்கு" என்றாள்.

பெ.கி. தன் சைக்கிளை வரிசையில் விடவில்லை. "ஆபீஸ் சைக்கிளுக்கு ஒங்க ஆஸ்பத்திரிச் சோதனை வேணாம்."

கமலத்துக்கு (இனி க.) கால் நொண்டுகிறது. கோழிக்கூட்டுக் கதவு இடித்துவிட்டதாம். உள்ளங்கையிலும் சிராய்ப்பு. அது தேங்காய் துருவும்போது. அயோடின் போட்டேன். கவனமாக இரு என்றேன்.

ஜூலை 9, திங்கள்

க.வுக்கு இன்னொரு காலிலும் நீலம் பாரித்திருக்கிறது. கட்டில் கால் இடித்ததாம். கட்டிலை நகர்த்தி ஜன்னலோரம் போட்டேன். இப்போது மழைச் சாரல் தலையில் அடிக்கிறது.

இருமலுக்கு மருந்து வாங்க அஞ்சலை வந்தாள். "கட்டில நகத்திப் போட்டீங்களாமே டிரெஸரய்யா?" சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓடினாள். இருமலா சிரிப்பா தெரியவில்லை. என் வீட்டுக் கட்டில் இவளுக்கு எப்படித் தெரியும்?

ஜூலை 12, வியாழன்

தெரிந்துபோயிற்று.

பரீட்சைக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்க்கலாமென்று ரப்பர் ஷீட்டு உலர்த்தும் புகைக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடத்துக்குப் போனேன். யாரும் வராத இடம். அங்கே ஒரு சைக்கிள் வருகிறது. மேலே என் சம்சாரம். சேலையைத் தூக்கிச் செருகி, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு. பின்னால் கேரியரைப் பிடித்தபடி அஞ்சலை. "பெலான் பெலான், மெதுவா! கீழ பாக்காதீங்கக்கா! முன்னால பாருங்க!"

முன்னால் பார்த்தாள். அங்கே நான் நின்றிருந்தேன். இரண்டு கையையும் விட்டுவிட்டாள். லாலாங் புல்லுக்குள் தலைகுப்புற.

"ஏம்மா, கோழிக்கூடு இங்க எங்க இருக்கு?" என்றேன். கோபத்தில் வேறு எதுவும் வாயில் வரவில்லை.

வீட்டில் சண்டை. நான் சொன்னது: ஊருக்கெல்லாம் பாதுகாப்பு சொல்றவன் பெண்டாட்டி புல்லுக்குள்ள கிடந்தா என்ன மரியாதை. அவள் சொன்னது நிறைய. இந்தத் தோட்டத்துக்கு வந்ததிலிருந்து சிம்பாங் பூலாய் கடைத்தெருவுக்குத் தானாக ஒரு நாள் போனதில்லை. எனக்கு லீவு கிடைக்கணும், இல்லாவிட்டால் தோட்டத்து லாரி போகணும். கடைசியாக, "நீங்க வாங்கிட்டு வர்ற மீனு ஒண்ணுக்காவது கண்ணு தெளிவா இருந்திருக்கா? நானே போயி பாத்து வாங்குனா ஆகாதா?"

மீனை ஏன் இழுக்கிறாள்?

ஜூலை 13, வெள்ளி

சோறு மட்டும் வந்தது, தட்டு சத்தமாக.

யோசித்துப் பார்த்தேன். மரியாதை எல்லாம் சும்மா. அந்தப் பெண்பிள்ளையைத் தோட்டத்து லாரியில் ஈப்போவுக்குக் கொண்டுபோனவன் நான்தான். வழி நெடுக என் மடியில் அந்தக் கால், ஆடாமல் பிடித்துக்கொண்டு. "சைக்கிளு ஒடைஞ்சிருச்சா, அப்பா அடிப்பாரு"ன்னு அதையே கேட்டுக்கொண்டு வந்தது பிள்ளை. அன்றிலிருந்து கல் லாரி சத்தம் கேட்டால் கட்டுக் கட்டுவதை விட்டு வாசலுக்கு வந்து நிற்கிறேன். க.விடம் இதைச் சொன்னதில்லை. சொன்னால் என்ன என்று இப்போது படுகிறது.

சொல்லவில்லை. தூங்கப் போகிறேன். சாரல்.

ஜூலை 15, ஞாயிறு

பெரிய நாள். காலையில் மேகம், பிறகு வெயில். லயமே திரண்டு வந்துவிட்டது. மெதுவா ஓட்டற போட்டி என்றதால்.

சார்ஜன் நல்ல மனுஷர், வயிறு பெரிசு. நிறைய நேரம் பேசினார். ராத்திரி லைட், லாரிக்குப் பக்கத்தில் ஒட்டிப் போகாதது, பிள்ளைகளை முன் பாரில் ஏற்றாதது எல்லாம். பெ.கி. மொழிபெயர்த்தார்: "லைட்டு போடணும்ங்கறார்." சார்ஜன் அப்புறம் ஒரே வார்த்தை சொன்னார், நில்லுங்கள் என்று. பெ.கி. அதை மொழிபெயர்க்கத் தொடங்கியவர், தான் இந்தத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த கதை, தொரை தன்னைப் பாராட்டியது, கோயில் குளம் வெட்டியது எல்லாம் சொல்லி முடித்து, "ஆகவே நிற்கணும்" என்றார். சார்ஜன் ஆச்சரியமாகத் தமிழ் மொழியைப் பற்றி என்னிடம் விசாரித்தார்.

பிறகு திறப்பு விழா. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, டை. மேட்டிலிருந்து பெ.கி. கம்பீரமாக வந்தார். ரிப்பன் அறுந்தது. கைதட்டல். சைக்கிள் நிற்கவில்லை. தேத்தண்ணி மேசையின் மூலையை உரசி, கோல் கம்பத்துக்கு நடுவே புகுந்து, செம்பருத்தி வேலிக்குள் போய் மறைந்தார். ரிப்பன் மட்டும் வெளியே தெரிந்தது.

சனம் இன்னும் பலமாகத் தட்டியது. கோல் என்று எவனோ கத்தினான்.

சார்ஜன் எழுந்து மலாயில் பாராட்டினார். மொழிபெயர்க்கிறவர் வேலிக்குள் இருந்ததால் நான் செய்தேன்: "பிரேக் இல்லாட்டி என்ன ஆகும்னு தலைவரே செஞ்சு காட்டிட்டாரு, ரொம்ப நல்ல பாடம்ங்கறார்."

வேலிக்குள்ளிருந்து பெ.கி. குரல்: "ஆமாம்! அதுக்குத்தான் செஞ்சேன்!"

மூக்கில் சிராய்ப்பு. அயோடின்.

மெதுவா ஓட்டற போட்டியில் மாரியப்பன் எல்லோருக்கும் முன்னால் வந்து சேர்ந்தான். அதாவது தோற்றான். கடைசியாக வந்து ஜெயித்தது அஞ்சலை. நடுவில் நின்று கொண்டை போட்டிருக்கலாம், அவ்வளவு மெதுவு.

பரீட்சை. பிள்ளைகள் பெரும்பாலும் பாஸ். பெரியவர்கள் பெரும்பாலும் பெயில். ஆண்களுக்கு நிறுத்தச் சொன்னாலே கோபம் வருகிறது.

வரிசையில் கடைசியாக க., அஞ்சலையின் சைக்கிளோடு. பேரை எழுதிக்கொண்டேன். நேராக ஓட்டினாள், சரி. நிறுத்தினாள், சரி. வலது கையைத் தூக்கினாள். சைக்கிள் இடது பக்கம் போனது. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, கால் ஊன்றி, நின்றுவிட்டாள்.

"டிரெஸரம்மாவுக்குப் பாஸ் குடுங்கய்யா!" மாரியப்பன். நாலு பேர் கூடச் சேர்ந்து கத்தினார்கள். பெ.கி.யும் தலையாட்டினார். அவள் மட்டும் என்னையே பார்த்தாள்.

"பெயில்" என்றேன்.

"அட, என்னா மனுசன்யா இவரு!" அஞ்சலை.

"அடுத்த ஞாயித்துக்கிழம திரும்ப வாரேன். எழுதிக்குங்க" என்றாள் க. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்குப் பயந்துகொண்டே போனேன். நெத்திலி சம்பல், முட்டைப் பொரியல். எனக்குப் புரியவில்லை.

"பாஸ் போட்டிருந்தீங்கன்னா இன்னிக்கு ஒங்க மூஞ்சியப் பாத்திருக்க மாட்டேன்" என்றாள்.

அப்போது சொன்னேன், அந்தப் பிள்ளையை, அந்தக் காலை, லாரிப் பயணத்தை. கேட்டுக்கொண்டே இருந்தாள். சம்பல் ஆறிப்போயிற்று.

"அந்தப் பிள்ளைக்கு நின்னு பாக்கணும்னு யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களா?"

இல்லை.

"எனக்குச் சொல்லிக் குடுங்க."

ஜூலை 18, புதன்

வேலை முடிந்து புகைக்கூடத்துப் பின்னால். கேரியரை நான் பிடித்தேன். கை காட்டுவது அவளுக்குப் பயம். முதலில் ஒரு விரலை எடு, பிறகு கையை எடு என்றேன். மூச்சை விட மறந்துபோகிறாள். அதையும் சொன்னேன். என் இடுப்பு பிடித்துக்கொண்டது. அஞ்சலை லாலாங் ஓரம் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து யோசனை சொன்னாள்.

ஒரு தடவை கேரியரை விட்டுவிட்டேன். அவளுக்குத் தெரியாது. புகைக்கூடத்து மூலை வரை போய், கை காட்டி, திரும்பி வந்தாள். நான் நின்ற இடத்திலேயே நிற்பதைப் பார்த்துக் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள். இந்த வார்த்தை தெரியுமென்று எனக்குத் தெரியாது. அஞ்சலை வேலைதான்.

ஜூலை 22, ஞாயிறு

திரும்பப் பரீட்சை. க. என்னை அதிகாரியாக ஏற்கமாட்டேன் என்றுவிட்டாள், ஊர் பேசுமாம். அஞ்சலை அதிகாரி. என்னைவிடக் கண்டிப்பு. பிள்ளைகளைக்கூடத் திரும்ப ஓட்டவிட்டாள்.

க. பாஸ். பட்டையை அஞ்சலையே குத்தினாள். எனக்கு வேறு பக்கம் பார்க்க வேண்டியிருந்தது, தூசி.

இன்னொன்று. தொரை சம்மதித்து இறக்கத்து அடியில், மெயின் ரோட்டுக்கு முன்னால், வெள்ளை அடித்த எண்ணெய் டிரம் இரண்டு வைத்து நடுவில் குறுக்குக் கழி. எல்லாரும் இறங்கி, வலம், இடம், மறுபடி வலம் பார்த்துத்தான் போகணும். காலையில் வைத்தார்கள். மத்தியானம் மாரியப்பன் டிரம்மில் மோதினான். சாயங்காலம் சிம்பாங் பூலாய் சைக்கிள் கடைச் சீன முதலாளி தவுக்கேயிடம் போய்ப் பிரேக் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். எல்லோரிடமும் பிரேக் பிடித்துக் காட்டுகிறான். வண்டி ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம் அதிகம்.

பெ.கி. இன்று நடந்து வந்தார். உடம்புக்கு நல்லதாம்.

ஜூலை 29, ஞாயிறு

வெயில், காற்று இல்லை. க. முதல் தடவையாகத் தனியாகச் சிம்பாங் பூலாய்க்கு, அஞ்சலை சைக்கிளில். நூல் கண்டும் ரவிக்கைத் துணியும் வாங்கணுமாம். கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். சரி என்றேன்.

கிளம்பினாள். நான் கொல்லைப் பக்கமாக ரப்பர் மரங்களுக்குள் குறுக்கே ஓடி, டிரம்முக்குப் பக்கத்து வேலிக்குப் பின்னால். வந்தாள். இறங்கினாள். வலம், இடம், மறுபடி வலம். மறுபடியும் ஒரு தடவை வலம். கல் லாரி ஒன்று போய்த் தூசி அடங்கும் வரை நின்றாள். பிறகு ஏறி, ஓரமாக, நிதானமாக. வளைவில் மறைந்தாள். போன கல் லாரி எத்தனை என்று எண்ணக் கூடாது என்று வைத்துக்கொண்டேன், ஆனாலும் எல்லாவற்றையும் பார்த்தேன்.

அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கொசு. வீட்டுக்குப் போய்விட்டு வரலாம் என்று பல தடவை எழுந்தேன்.

வந்துவிட்டாள். முகமெல்லாம் சிவந்து, வியர்த்து, ஹேண்டிலில் பை தொங்க. கழியைத் தாண்டி நின்றாள்.

"வேலிக்குப் பின்னால என்னா பண்றீங்க?"

"சும்மா. காத்து வாங்கிக்கிட்டு இருக்கேன்."

"போகும்போதும் இங்கதான் காத்து வாங்கிக்கிட்டு இருந்தீங்க."

வேலியிலிருந்து வெளியே வர அவள்தான் முள்ளை எடுத்துவிட்டாள்.

மேடு வரை தள்ளிக்கொண்டு இரண்டு பேரும் நடந்தோம். மேட்டுக்கு மேலே அவள் ஏறிக்கொண்டாள். நான் பக்கத்தில் நடை. முந்திக்கொண்டு போ என்றேன். மெதுவாக ஓட்டுவதுதான் கஷ்டமாம், அஞ்சலை அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாளாம், பழகணுமாம். வீட்டு வாசல் வரைக்கும் ஒரு தடவைகூடக் கால் ஊன்றவில்லை.