எந்த ஒயர் எந்த முனைக்கு

மார்ச் 4

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

மூளைக்காய்ச்சல் போயே போய்விட்டது. நேற்று ஆஸ்பத்திரியில் ஒரு விளையாட்டு. திரையில் மூன்று வண்ணப் புள்ளிகள் வந்து மறையும். எது எங்கே இருந்தது என்று உடனே காட்ட வேண்டும். வண்ணங்களைச் சரியாகச் சொன்னேன். இடங்களும் சரி. ஆனால் சிவப்பு இருந்த இடத்தில் நீலத்தைக் காட்டினேனாம்.

"மூளையில ஞாபகத்தைப் பார்த்துக்கிற ஹிப்போகாம்பஸ் அடி வாங்கியிருக்கு" என்றார் டாக்டரம்மா.

"புதுசு எந்தக் கடையில கிடைக்கும்?" என்றேன். சிரிக்கவே இல்லை.

எங்கள் காண்ட்ராக்டர், "உன் தங்கச்சி படிச்சவ, நீ தேறிட்டேன்னு அவ ஒரு வார்த்தை எழுதட்டும், நாளைக்கே வா" என்கிறார். ஒயரிங் என் கைக்குத் தெரியும். வீட்டில் இப்படியே இருந்தால் சுவரோடு பேச ஆரம்பித்துவிடுவேன். எழுதிவிடு.

உன் அண்ணன்

மார்ச் 15

அன்புள்ள அண்ணா,

நான் வேலை பார்க்கும் நூலகத்தில் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். சில நொடி நினைவுக்கும் ஹிப்போகாம்பஸுக்கும் சம்பந்தமில்லை என்று வெகுகாலம் நம்பினார்களாம். இப்போது சிலர், எது எதோடு சேரும் என்று பிடித்துவைக்க அது வேண்டும் என்கிறார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை.

உன் கைக்குத் தெரியும், உண்மைதான். ஆனால் ஒயரைப் பார்த்துவிட்டு நீ போர்டு பக்கம் திரும்புவதற்குள் நிறம் இடம் மாறினால்? இப்போது வேண்டாம் என்று காண்ட்ராக்டருக்கு எழுதிவிட்டேன். திட்டு. திட்டுவதற்கு நீ இருக்க வேண்டும், அண்ணா.

இங்கே வந்துவிடேன். இன்னொரு கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறேன். என் அறைக்கு யாரும் வருவதில்லை. துணிதான் மடித்து வைக்கிறேன் அதன்மேல்.

உன் தங்கை

ஏப்ரல் 2

தங்கைக்கு,

காண்ட்ராக்டர் உன் கடிதத்தை எல்லார் முன்னாலும் படித்தார். "கூடப் பொறந்தவளே இப்படிச் சொன்னா, நான் எப்படிப்பா சேர்த்துக்கிறது?" என்றார். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து, மெயினை அணைத்துவிட்டு, சமையலறை போர்டைக் கழற்றி மறுபடி மாட்டிப் பார்த்தேன். மாற்றித்தான் மாட்டியிருந்தேன். நீ எழுதியது சரி.

என்னிடம் முதலில் சொல்லியிருக்கலாம்.

நான் அங்கே வரவில்லை. கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே. எழுதினால் பதில் போட்டுவிடுவேன். எனக்கு இப்போது போட விருப்பமில்லை.

அண்ணன்