மலைக்கு வந்த கப்பல்

எந்தப் பழைய வான் வண்டியைத் திறந்தாலும் எஞ்சினுக்கு முன் பாட்டு டேப்பைத் தேடுகிற என் அன்பு அப்பாவுக்கு,

இங்கே மெல்பேர்ணில் ஜூலை, நடுக் குளிர்காலம். நோபல் பார்க்கில் விடியும்போது கார்க் கண்ணாடிகளில் உறைபனி பிடித்திருக்கிறது. கேத்திலில் இளஞ்சூட்டுத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றிக்கொண்டே பாடுவீர்களே, அந்த வேலை இப்போது என்னுடையது. பாட்டும் என்னுடையதுதான். உங்கள் குரல் கேட்டதும் ஜன்னலை மூடிய பக்கத்து வீட்டுக்காரர் என் குரலுக்கும் மூடுகிறார். குடும்பப் பெயரைக் காப்பாற்றிவிட்டேன்.

சொல்ல வந்த செய்தி அதுவல்ல. அம்மா போன சனிக்கிழமை ஒரு மண்டபத்தில் நின்று பாடினார், அப்பா. ஜப்பானிய மொழியில்!

இதை உங்களைத் தெரியாதவர்களும் படிக்கப்போகிறார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கலியாணமாகி மூன்றாம் மாதம் நீங்கள் ஜப்பானுக்குப் போனீர்கள். வடக்குக் கரையில் ஒரு துறைமுக ஊர், பழைய கார்களைக் கப்பலேற்றும் வேலை. கொழும்பில், வெள்ளவத்தையில் ஒற்றை அறையொன்றில் அம்மா நான்கு வருடம் காத்திருந்தார். பிறகு மெல்பேர்ண், நான், டண்டினோங்கில் நீங்கள் கார் திருத்திய கராஜ். அங்கே வந்த ஜப்பான் வான்களின் பிளேயருக்குள் சிலவேளை பழைய சொந்தக்காரர் மறந்துவிட்ட டேப் இருக்கும். அநேகமாக அது என்காவாக இருக்கும். காதலையும் பிரிவையும் குரலை நடுக்கி, வளைத்து, இழுத்துப் பாடும் அந்தப் பழைய பாணிப் பாட்டுகள். பிஸ்கட் டின் நிறைய வைத்திருந்தீர்கள்.

அந்தப் பாட்டுகளில் எப்போதும் குளிர்காலம். விடுதிக் கூரையில் பனிக்கூர்கள் தொங்கும். இரண்டு கிண்ணங்களில் மதுவை ஊற்றிவிட்டு ஒன்றை மட்டும் குடிப்பாள் ஒருத்தி. மூச்சுப்பட்டு மங்கிய ரயில் கண்ணாடியில் ஒரு பெயரை எழுதி, அடுத்த ஸ்டேஷனுக்குள் அழித்துவிடுவாள் இன்னொருத்தி. வெயில் ஊர்க் குடும்பமான நாங்கள் ஞாயிறு காலைகளில் புட்டுக்கு முன்னால் இருந்து இதையெல்லாம் கேட்டோம். நீங்கள் ஒவ்வொரு சரணம் முடியவும் டேப்பை நிறுத்தி, கதை சொல்லுவீர்கள். கடைசியில் எப்போதும் ஒரே முடிவு.

"இஞ்ச பார் பிள்ளை, கப்பல் ஊதுது. ஆள் இறங்கிட்டான்!"

நான் கைதட்டுவேன். அம்மா இன்னொரு கரண்டி சம்பல் உங்கள் தட்டில் வைப்பார்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு ஜப்பானிய மொழி மாலை வகுப்பொன்றில் சேர்ந்தேன். உங்கள் குரலை வேறு எங்கே தேடுவதென்று தெரியவில்லை. அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு டேப்பாகத் தமிழில் எழுதத் தொடங்கினேன். பத்துப் பாட்டு முடிந்ததும் சந்தேகம் வந்தது. முப்பது முடிந்ததும் சந்தேகம் போய்விட்டது. ஒரு பாட்டிலும் ஒருவரும் திரும்பி வரவில்லை, அப்பா. கப்பல்கள் எல்லாம் புறப்படும் கப்பல்கள்.

அதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

அப்போதுதான் கெய்கோ அன்ரி வந்தார். கராஜில் தன் வெள்ளை வானை உங்களைத் தவிர வேறு ஒருவரையும் தொட விடாதவர். அம்மாவைப் பார்த்துவிட்டுப் போக வந்தவர், குசினியில் டேப் பாடுவதைக் கேட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். இரண்டு பக்கமும் கேட்ட பிறகுதான் எழும்பினார். சனிக்கிழமை மத்தியானங்களில் அவரும் நண்பர்களும் கூடிப் பாடுகிறார்களாம். அம்மாவும் வர வேண்டுமாம். ஒரு நிபந்தனை மட்டும்: பேரப்பிள்ளைகளும் வருவதால் ஒவ்வொருவரும் பாடும் முன் பாட்டின் கதையை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

அம்மா தேர்ந்தெடுத்தது அந்தப் பனி கூட்டும் பாட்டு. அவன் வந்தால் கால்தடம் பதிய இடம் வேண்டுமென்று தினமும் வாசல் பனியைக் கூட்டுகிறாளே, அவளுடையது.

"பிள்ளை, பாட்டைத் தமிழ் எழுத்தில எழுதித் தா. இங்கிலீசில கதையும் ரெண்டு வரி. அவள் கூட்டுறாள், கூட்டுறாள், கடைசியில கப்பல் வருது எண்டு."

மூன்று நாள் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மா அப்படிச் சொன்னால், அந்தப் பாட்டோடு வளர்ந்த மனிதர்கள் முன்னால் சிரிப்புக்கு ஆளாவார். உண்மையைச் சொன்னால், நீங்கள் அவருக்கென்று ஓட்டிவந்த அத்தனை கப்பலையும் நானே மூழ்கடித்தவள் ஆவேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? டேப்பைத் திருப்பிப் போட்டிருப்பீர்கள்.

வியாழக்கிழமை அம்மா கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன்.

"அம்மா, கப்பல் வராது."

"எந்தக் கப்பல்?"

"பாட்டில. மூண்டாம் சரணத்தில அவள் விளக்குமாறைச் சுவரில சாத்திப்போட்டுக் கதவைப் பூட்டுறாள். அவ்வளவுதான். அந்தப் பாட்டில மட்டுமில்லை, ஒரு பாட்டிலயும் ஒருத்தரும் வரேல்லை. அப்பா சும்மா சொன்னவர்."

அம்மா கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுக்கே மூண்டு நாளா மூஞ்சையை நீட்டிக்கொண்டு திரிஞ்சனீ? நான் ஆரோ பெடியன் விசயமாக்கும் எண்டு நினைச்சன்."

"உங்களுக்குத் தெரியுமே?"

"அந்த மலைப் பாட்டு ஞாபகமிருக்கே? ஆறடிப் பனி, சுடுதண்ணி ஊத்து, விடுதி. அதிலயும் கப்பல் வந்ததெண்டு சொன்னவர். மலைக்கு எப்பிடியடி கப்பல் வரும்?"

நான் சிரிக்கத் தொடங்கினேன். அம்மா அதற்கு முன்பே தொடங்கிவிட்டார். லீக்ஸ் பாதி நிலத்தில் கிடந்தது.

"பிறகேன் நீங்கள் ஒண்டும் கேக்கேல்லை?"

"ஏன் கேப்பான்? அந்தாள் நாலு வருசம் என்னைக் காக்க வைச்ச ஆள். ஒவ்வொரு பாட்டிலயும் வந்து வந்து இறங்கிக்கொண்டிருந்தார். இறங்கட்டும் எண்டு விட்டிட்டன்."

அப்பா, நம் பழைய அகப்பாட்டுகளில் மழைக்காலம் தொடங்க வருவேன் என்று சொல்லிவிட்டுப் போவான் தலைவன். மழை வந்துவிடும், அவன் வரமாட்டான். ஆனால் பக்கத்தில் ஒரு தோழி நிற்பாள். இது அந்த மழை இல்லையடி, காலம் தெரியாமல் பெய்கிறது என்று கூசாமல் பொய் சொல்லித் தேற்றுவாள். உங்கள் டேப்புகளில் நான் அந்தத் தோழியைத் தேடித் தேடிக் களைத்துப்போனேன். ஒரு பெண், ஒரு ஜன்னல், பனி, அவ்வளவுதான். அந்தத் தோழி புட்டுத் தட்டோடு நோபல் பார்க்கில் இருந்தாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. எண்ணெய்க் கறை படிந்த ஓவரோல் போட்ட தோழி, நீங்கள்.

சனிக்கிழமை அம்மா நீலச் சேலைக்கு மேல் உங்கள் சாம்பல் நிறக் கார்டிகனைப் போட்டுக்கொண்டு வந்தார். நான் எழுதிக் கொடுத்த உண்மைக் கதையைக் கையில் வைத்திருந்தார். மைக்குக்கு முன்னால் போனதும் அதை மடித்து, கார்டிகன் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டார்.

இந்தப் பாட்டில் அவன் வருவதில்லை என்று உங்களுக்கெல்லாம் தெரியும், ஆனால் எங்கள் வீட்டில் மட்டும் வருவான், என் கணவர் எனக்கு அப்படித்தான் சொல்லித் தந்தார் என்று தன் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். கெய்கோ அன்ரி அதை ஜப்பானிய மொழியில் திருப்பிச் சொன்னார். பிறகு முன்வரிசையில் இருந்த கிழவர் ஒருவர் தொடையில் தட்டி ஏதோ உரக்கச் சொல்ல, மண்டபமே சிரித்தது.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

கெய்கோ அன்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: சின்ன வயதிலிருந்து அந்தப் பெண்ணை நினைத்துக் கவலைப்பட்டாராம். இன்றைக்குத்தான் நிம்மதியாம்.

அம்மா பாடினார். உங்களைப்போல் குரலை நடுக்க அவரால் முடியாது, நேராகப் பாடினார். இரண்டாம் சரணத்தில் ஒரு வரியை இரண்டு தடவை பாடிவிட்டார். அதனால் அந்தப் பெண் அன்றைக்கு ஒருமுறை கூடுதலாகப் பனி கூட்டினாள். ஒருவரும் குறை சொல்லவில்லை. அடுத்த மாதத்துக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். அம்மா மலைப் பாட்டைப் பழகுகிறார்.

உங்களிடம் கேட்க ஒன்று மிச்சமிருக்கிறது. அம்மா காத்திருந்ததைப் பற்றியே நாங்கள் பேசினோம். அங்கே, அந்தத் துறைமுக ஊரில், நான்கு குளிர்காலமும் உங்கள் வாசல் பனியைக் கூட்டியது யார்? கூட்டும்போது யாருடைய கால்தடத்துக்கு இடம் விட்டீர்கள்?

ஜனவரியில் அம்மாவும் நானும் அங்கே போகிறோம். அம்மா பனிக்கென்று பூட்ஸ் வாங்கிவிட்டார், வரவேற்பறைக் கம்பளத்தில் நடந்து பழகுகிறார். நான் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். இடப்பக்கம் பாட்டு உள்ளபடி, வலப்பக்கம் நீங்கள் சொன்ன முடிவு. ஒரு சொல்லும் திருத்தமாட்டேன். நீங்கள் இருந்த தெருவைக் கண்டுபிடித்து, ஏதோ ஒரு வாசலில், வீட்டுக்காரரிடம் கேட்டு, கொஞ்சப் பனியைக் கூட்டிவிட்டு வருவேன். அம்மாவைப் பத்திரமாகத் திருப்பிக் கூட்டிவருவேன். நம் வீட்டில் போனவர்கள் வந்து இறங்குவார்கள், அப்பா. அதுதானே கதை.

கேத்திலையும் பாட்டையும் பொறுப்பெடுத்துக்கொண்ட,
உங்கள் மகள்