உள்ளே தள்ளி எழுதிய வரி

12 ஜூன் 2006, திங்கள்
ஜெயித்துவிட்டேன், நாங்கள் குழுவாகச் செய்யும் தமிழ் எடிட்டர் சாஃப்ட்வேரின் புது வெர்ஷனில் நான் கேட்ட விதி வந்துவிட்டது!!! சேவ் செய்தாலே போதும், எல்லா வரியும் இடது ஓரத்தில் ஒரே நேராக. மெயில் குழுவில் மூன்று வாரச் சண்டை. சிங்கப்பூர்க்காரர் ஒருவர் மட்டும் கடைசிவரை: "இடம் விட்டு எழுதுகிறவருக்கு ஒரு காரணம் இருக்கும். அதைத் திருத்த நாம் யார்?" நான்: "அலங்கோலத்துக்கு என்ன சார் காரணம்?" கூடவே பதினோரு ஸ்மைலி.
கம்பெனி பஸ் சோழவரத்தில் அரை மணி லேட். வெயில். மில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் முதல் வேலை, புது வெர்ஷன் போட்டது.

13, செவ்வாய்
மில்லில் ஷிப்ட் குறிப்பு நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறி ஒரு மாதம். ஃபிட்டர் காசிம் பாய் ஒற்றை விரலால் அடிப்பார். நான் பிரிண்ட் எடுத்து ஸ்விட்ச் போர்டு பக்கத்தில் ஒட்டுவேன். இன்று தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.
"இன்னாம்மா இது, உள்ள தள்ளி எழுதுனதெல்லாம் வெளிய வந்து குந்திக்கினு இருக்குது?"
"அழகா இருக்குல்ல பாய்? நான் கொண்டாந்த ரூல்!"
"அழகா? பொண்ணு பாக்கவா போறோம்?" சிரிக்கவில்லை. சங்கு ஊதியது, போய்விட்டார். ஏன் தள்ளி எழுதினார் என்று நான் கேட்கவில்லை.
ஷாம்பு வாங்கணும்.

14, புதன்

இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போது மெஷின் ஓட்டும் தாமு அண்ணன் தாளைப் பார்த்தார். 'ரோலர் 3, பேரிங்'. மற்ற வரிகளோடு வரியாக, நேராக. வேலை முடிந்தது என்று ஸ்விட்சைப் போட்டார். ரோலருக்குள் பாயின் கை.
கையுறை மட்டும் போனது. நார் நாராக.
தாமு அண்ணன் தாளைப் பிய்த்து எடுத்தார். "உள்ள தள்ளி இருந்தா மெஷின் தொறந்து கெடக்குது, ஸ்விட்சு போடாதன்னு அர்த்தம். நோட்டு காலத்துலருந்து அப்டித்தான். எவன் அத நேராக்குனது?"
நான்தான் என்றேன்.
பாய் டீ கிளாஸோடு: "உடு தாமு. வெரலு அஞ்சும் இருக்குது, எண்ணிக்கோ."
பழைய வெர்ஷன் போட்டுவிட்டேன். இங்கே மட்டும்.

15, வியாழன்
பிரவுசிங் சென்டர். கரண்ட் வந்து வந்து போகிறது. குழுவில் பாராட்டு மழை. மதுரையிலிருந்து ஒரு நர்ஸ்: "நன்றி! எங்கள் வார்டு மருந்துப் பட்டியல் இப்போது பளிச்சென்று நேராக இருக்கிறது."
முன்பு ஏதாவது வரியைத் தள்ளி எழுதுவீர்களா என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். இல்லை.
எல்லாருக்கும் அனுப்பியது: புது வெர்ஷனை எடுத்துவிடுங்கள். எதையும் சேவ் செய்யாதீர்கள். உங்கள் இடத்தில் யார் எந்த வரியைத் தள்ளி எழுதுகிறார்கள், எதற்கு, கேட்டு எழுதுங்கள். மதுரை நர்ஸைத் தெரிந்தவர் யார் இருந்தாலும் போன் போடுங்கள். இன்றே. இப்போதே.