மடுவில் குடித்த சர்பத்

கார்ல்ஸ்ரூஹே
2025 ஆகஸ்ட் 18, திங்கள், காலை 10.20
நீங்கள் தவறவிட்ட குளிசை: நான்கு வேளை

அன்புள்ள அப்பாவுக்கு,

முதலில் ஒரு வேளைக் குளிசையைப் போடுங்கள். விட்டதற்கும் சேர்த்துப் போட வேண்டாம். எறிந்துவிட்டீர்கள் என்றால், இதைக் கொண்டுவரும் வெரோனிக்கா மாமியின் பையில் புதிய பெட்டி இருக்கிறது. போட்ட பிறகு மிச்சத்தைப் படியுங்கள்.

நாங்கள் இங்கே சுகம். நீங்கள் சுகமில்லை என்று எனக்குத் தெரியும். மன்னாரிலிருந்து கிறிஸ்தோப்பர் பெரியப்பா நேற்றுப் போனில் சொல்லிவிட்டார். "தம்பி, கொப்பருக்கு ரெண்டு நாளா வயித்தால போகுது, காய்ச்சலும் காயுது. குளிசை சூடு, வெறும் வயித்தில போட்டா இன்னும் கொதிக்கும் எண்டு நிப்பாட்டிப்போட்டார். உனக்குச் சொல்ல வேண்டாமெண்டவர்" என்றார். போனை உங்களிடம் கொடுக்கச் சொன்னேன். "அவன் கத்துவான், நான் கதைக்கமாட்டன்" என்று நீங்கள் பின்னால் சொன்னது எனக்கும் கேட்டது. சரி, கத்துவேன்தான். கடிதம் கத்தாது. அதனால் எழுதுகிறேன்.

மடு மாதா கோயில் திருவிழாப் பூசை முடிந்து, உங்கள் பள்ளிக்கூடச் சிநேகிதர் சவிரிமுத்துவின் தெருக்கடையில் சர்பத் குடிக்கும் படத்தை நீங்களே அனுப்பினீர்கள். கிளாஸ் நிறைய உடைத்த ஐஸ். பக்கத்தில் வெட்டி வைத்த அன்னாசி, அதன் மேல் மொய்க்கும் இலையான். கூடவே ஒரு குரல் செய்தி: "அவன் கையால நீட்டினவன். வேண்டாமெண்டால் ஜெர்மன்காரன் ஆகிட்டான் எண்டு நக்கலடிப்பாங்கள். இது வெளிநாடில்லையடா, என்ர ஊர்."

உங்களுக்கு ஊர்தான் அப்பா. உங்கள் உடம்புக்கு அது வெளிநாடு. உடம்பு புதுச் சிறுநீரகத்தோடு சண்டை பிடிக்காமல் இருக்கத்தான் அந்தக் குளிசை. அதே குளிசை உங்கள் எதிர்ப்புச் சக்தியையும் குறைத்து வைத்திருக்கிறது. மற்றவர்களுக்கு ஒரு நாள் வயிற்றுவலி என்றால் உங்களுக்கு ஆஸ்பத்திரி. அதற்குப் பயந்து குளிசையை நிறுத்தினால் சிறுநீரகமே போகும். சூடு, குளிர்ச்சி என்ற கதைக்கு இதில் இடமில்லை.

தெருச் சாப்பாடே கூடாது என்று நான் சொல்லவில்லை. உணவுப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறவன் நான். கண் முன்னால் எண்ணெயிலிருந்து எடுத்த வடையைச் சுடச்சுடச் சாப்பிடுங்கள், நானும் சாப்பிடுவேன். ஐஸ், வெட்டின பழம், சம்பல், ஆறின கறி வேண்டாம். இங்கே சந்தையில் பச்சைப் பன்றியிறைச்சி தடவிய பாண் துண்டையும் உங்கள் கையிலிருந்து பறித்தவன்தானே நான்? "உனக்குப் பூச்சியளின்ர பேர் தெரியும், ருசி தெரியாது" என்று அன்றைக்குச் சிரித்தீர்கள். ஜெர்மன்காரனுக்கும் மன்னார்க்காரனுக்கும் எனக்கு ஒரே சட்டம்தான்.

சவிரிமுத்து மாமா திரும்ப நீட்டினால், சர்பத் தொடுவதில்லை என்று மாதாவுக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். நேர்த்திக்காரனை அங்கே யாரும் வற்புறுத்தமாட்டார்கள். பொய் என்பீர்கள். பொய்க்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது, சிறுநீரகத்துக்கு இல்லை. அதுவும் அது உங்களுடையதில்லை, அம்மாவுடையது.

காலையில் இங்கேயுள்ள உங்கள் சிறுநீரகக் கிளினிக்குக்கு அழைத்தேன். அந்தத் தாதி எப்போதும் பகிடி விடுகிறவர். நான் சொல்லத் தொடங்கியதும் பகிடி நின்றுவிட்டது. உடனே இரத்தம் சோதிக்க வேண்டும், எங்கே இருக்கிறார் என்று கேட்டார். சொன்னேன். எங்கே என்று திரும்பவும் கேட்டார். அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. இன்னும் விடவில்லை.

உங்களைத் தூக்கிக்கொண்டாவது ஆஸ்பத்திரிக்குப் போகும்படி பெரியப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். போயிருந்தால் இதைக் கட்டிலில் கிடந்து படிப்பீர்கள். வீட்டிலிருந்து படிக்கிறீர்கள் என்றால், எழும்புங்கள். சேர்ட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டோவில் ஏறுங்கள்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அடுத்த அறையில் உங்கள் சட்டைகளை அயன் பண்ணிக்கொண்டிருக்கிறார். "என்னடா, பேயறைஞ்ச மாதிரி இருக்கிறாய், வேலைக்குப் போகேல்லையே?" என்று கேட்டார். தலையிடி என்றேன்.

இனி நான் செய்யப்போவது:

1. மதியம் பிராங்பேர்ட் விமான நிலையத்துக்குப் போய் மாமியிடம் இதையும் குளிசையையும் கொடுப்பேன்.

2. மாமி மன்னாருக்கு வந்து சேர்ந்ததும் அழைப்பேன். நீங்கள் பேச வேண்டும். கத்தாமல் இருக்கப் பார்க்கிறேன்.

3. அப்போதும் நீங்கள் வீட்டில்தான் என்றால், அடுத்த விமானத்தில் ஏறுவேன். லீவு சொல்லியாயிற்று.

4. அம்மாவுக்குச் சொல்வேன். நாளைக்கு மேல் மறைக்க எனக்கு ஏலாது.

5. என் சிறுநீரகம் உங்களுக்குப் பொருந்துமா என்று சோதிக்க, கிளினிக்கில் எனக்கும் ஒரு நாள், ஒரு டெர்மின், கேட்பேன். முந்தி நான் சிறுநீரகம் தருகிறேன் என்றபோது, "பிள்ளையின்ர உடம்பில கத்தி வைக்க விடமாட்டன்" என்று அழுதீர்கள். அதனால்தான் அம்மா தந்தார். இந்த முறை உங்களைக் கேட்கப்போவதில்லை. தடுக்க வேண்டுமென்றால் உயிரோடு வந்து, என் முன்னால் நின்று தடுங்கோ அப்பா.

உங்கள் மகன்
எமில்